மருத்துவமனை மென்பொருளை ஏ.பி.டி.எம்-இல் இணைப்பது: புதிதாக வருபவர்களுக்கு

ஒரு சின்ன மருத்துவமனைக்கோ ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கோ மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். "ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ல சேரணும், நோயாளிக்கு ஆபா எண் பதியணும்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த மிஷனின் சுருக்கம்தான் ஏ.பி.டி.எம். ஆபா என்பது அதில் நோயாளிக்குக் கிடைக்கும் சுகாதார அடையாள எண். ஆவணங்களைத் திறந்தால் எம்1, எம்2, எச்.ஐ.பி, எச்.ஐ.யு, ஃபயர், ஸ்னோமெட் என்று வரிக்கு வரி புதுப் பெயர்கள். எதை முதலில் படிப்பது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ.பி.ஐ-களை எழுதி முடிப்பது இந்த வேலையில் சுலபமான பாதி. கடினமான பாதி உங்கள் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பரிசோதனை முடிவு தட்டச்சாகும்போதே அது எந்தப் பரிசோதனை, எந்த அலகு, யாருடையது என்பது இயந்திரத்துக்குப் புரியும்படி பதிவாகிறதா? இல்லையென்றால் எத்தனை தரங்களைப் பின்பற்றினாலும் அடுத்த மருத்துவர் கையில் போய்ச் சேர்வது ஒரு படம்தான். அதனால் கீழே உள்ள படிகளில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

பின்கதை, சுருக்கமாக

இது தெரிந்தால் ஆவணக் குழப்பம் பாதி தீரும். மத்திய சுகாதார அமைச்சகம் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரங்களை 2013-லேயே வெளியிட்டுவிட்டது. மருத்துவத் தரவைக் கணினிகள் பரிமாறிக்கொள்ள எச்.எல்.7 என்ற பன்னாட்டுத் தர அமைப்பு உருவாக்கிய ஃபயர் தரத்தின் முதல் சோதனைப் பதிப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அதனால் 2013 ஆவணம் எச்.எல்.7 அமைப்பின் பழைய செய்தி வடிவங்களையும் சி.டி.ஏ ஆவண வடிவத்தையும் சார்ந்திருந்தது. 2014-இல் ஸ்னோமெட் சி.டி என்ற மருத்துவச் சொற்குறியீட்டுத் தொகுப்பைப் பராமரிக்கும் பன்னாட்டு அமைப்பில் இந்தியா உறுப்பினரானது. அப்புறம் புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் இந்தத் தரங்களுக்கான என்.ஆர்.சி.இ.எஸ் என்ற தேசிய வள மையம் அமைந்தது. 2016 டிசம்பரில் தரங்கள் திருத்தி வெளியிடப்பட்டன.

இத்தனை இருந்தும் பெரும்பாலான மருத்துவமனைகளில் எதுவும் மாறவில்லை. அப்போதைய காரணம் எளிது. தரப்படி நீங்கள் பதிவை எழுதி வைத்தாலும் மறுமுனையில் அதை வாங்கிப் படிக்க யாரும் இல்லை. நோயாளியை அடையாளம் காணப் பொது எண்ணும் இல்லை. 2019-இல் வந்த தேசிய டிஜிட்டல் சுகாதார வரைவுத் திட்டம் ஃபயர் தரத்தின் நான்காம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதிப்பு அப்போதுதான் வெளியாகியிருந்தது. பல நாடுகள் பழைய வடிவங்களில் பெரும் முதலீடு செய்துவிட்டு மாற முடியாமல் நின்ற நேரத்தில், சுமை இல்லாத இந்தியா நேராகப் புதியதில் தொடங்கியது. துணிச்சலான முடிவு என்றுதான் சொல்வேன். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டம் தொடங்கியது, அவற்றில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் விரிந்தது.

இதனால் உங்களுக்கு என்ன? இணையத்தில் மூன்று அடுக்கு ஆவணங்கள் கலந்து கிடக்கின்றன. 2016 ஆவணத்தைப் பின்னணிக்காகப் படியுங்கள். பதிவுகளைப் பரிமாற எழுதும் நிரலுக்கு என்.ஆர்.சி.இ.எஸ் வெளியிட்டிருக்கும் ஃபயர் செயலாக்க வழிகாட்டியை மட்டும் பின்பற்றுங்கள். இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினால் வழிகாட்டி சொல்வதே கணக்கு.

படி 1: யார் எந்தப் பாத்திரம்

நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் சேர்த்து வைக்கும் மையக் கிடங்கு எதுவும் இந்த அமைப்பில் கிடையாது. பதிவு உருவான இடத்திலேயே இருக்கும். வேறொருவர் கேட்டால், நோயாளி சம்மதித்தால், அங்கிருந்து நேரே போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற பெயர்கள் தானாக விளங்கும்.

பதிவை வைத்திருந்து கொடுப்பவர் எச்.ஐ.பி. சம்மதத்தோடு கேட்டு வாங்குபவர் எச்.ஐ.யு. ஒரே மருத்துவமனை இரண்டுமாக இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். நடுவில் சம்மதத்தைக் கையாளும் சம்மத மேலாளரும் செய்திகளைக் கடத்தும் நுழைவாயிலும் உள்ளன. நோயாளி தன் கைப்பேசியில் வைத்திருக்கும் ஆபா செயலியோ அதுபோன்ற வேறு செயலியோதான் அவருடைய பக்கம்.

மருத்துவமனை, ஆய்வகம், மருந்தகம் எல்லாம் எச்.எஃப்.ஆர் என்ற நிலையப் பதிவேட்டில் சேர வேண்டும். மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்வது எச்.பி.ஆர் என்ற பணியாளர் பதிவேட்டில். இது நிரல் வேலை அல்ல, நிர்வாக வேலை. ஆனால் உரிமச் சான்று, முகவரி என்று நாள் எடுக்கும். நீங்கள் நிரல் எழுதத் தொடங்கும் அன்றே நிர்வாகத்திடம் இதை ஆரம்பிக்கச் சொல்லிவிடுங்கள்.

படி 2: சாண்ட்பாக்ஸ்

ஏ.பி.டி.எம்-இன் சோதனைத் தளமான சாண்ட்பாக்ஸில் விண்ணப்பித்தால் உங்களுக்கு ஓர் அடையாளமும் ரகசியச் சாவியும் கிடைக்கும். அவற்றைக் கொடுத்து டோக்கன் வாங்கி மற்ற ஏ.பி.ஐ-களை அழைக்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம், பதில் உடனே வராதது. நீங்கள் ஒரு கோரிக்கை அனுப்பினால் நுழைவாயில் "வாங்கிக்கொண்டேன்" என்று 202 எண்ணை மட்டும் திருப்பித் தரும். உண்மையான பதில் கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் பதிந்துவைத்த கால்பேக் முகவரிக்குத் தனிச் செய்தியாக வரும். ஆகவே அந்த முகவரி இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதன் அடையாள எண்ணைச் சேமித்து, வரும் பதிலோடு பொருத்த வேண்டும். வரும் செய்தியை முதலில் ஒரு வரிசையில் போட்டுவிட்டு, அப்புறம் செயலாக்குங்கள். வாங்கும் நேரத்திலேயே தரவுத்தளத்தைத் தேட ஆரம்பித்தால் கூட்டமான காலை நேரத்தில் திணறும்.

ஏ.பி.ஐ பதிப்புகளும் மாறியிருக்கின்றன. யாரோ எழுதிவைத்த பழைய மாதிரி நிரலை எடுத்து ஓட்டும் முன், அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

படி 3: எம்1, அதாவது ஆபாவும் பெயர்களும்

முதல் மைல்கல் நோயாளிக்கு ஆபா எண் உருவாக்குவதும் ஏற்கெனவே இருப்பதைச் சரிபார்ப்பதும். ஆபா எண்ணுக்கு 14 இலக்கங்கள். அதோடு மின்னஞ்சல் போன்ற தோற்றத்தில் ஓர் ஆபா முகவரியும் உண்டு. பதிவுகள் இணைவது இந்த முகவரியோடுதான்.

ஆபா கட்டாயம் அல்ல. இதைத் திரையிலும் காட்டுங்கள், முன்வரிசைப் பணியாளரிடமும் சொல்லிவையுங்கள். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் மாறிப்போனதால் ஓ.டி.பி வராமல் நிற்பவர்கள் தினமும் வருவார்கள். அவர்களுக்கு வழக்கமான ஓ.பி சீட்டு தடையில்லாமல் கிடைக்க வேண்டும். "ஆபா இல்லாமல் தொடர்க" என்ற பொத்தான் அதே திரையில், அதே அளவில் இருக்கட்டும்.

இனி பெயர். பெரும்பாலான மென்பொருள்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களோடு வருகின்றன, இரண்டும் கட்டாயம். நம் ஊரில் மு. கலைச்செல்விக்கு குடும்பப் பெயர் ஏது? சிலர் முதலெழுத்தை அங்கே போடுவார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் கணவர் பெயரை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் வேறு. ஆதாரில் முதலெழுத்து பின்னால் இருக்கும், ஓ.பி சீட்டில் முன்னால் இருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. நோயாளி தன் செயலியிலிருந்து "இந்த மருத்துவமனையில் என் பதிவுகளைத் தேடு" என்று கேட்கும்போது, உங்களுக்கு வருவது சரிபார்க்கப்பட்ட கைப்பேசி எண், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு போன்றவைதான். அதை வைத்து உங்கள் மென்பொருளே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் கலைச்செல்வி கிடைக்கவே மாட்டார். ரொம்பவும் தளர்த்திவிட்டால் வேறு ஒரு செல்வியின் பதிவு போய்விடும், அது இன்னும் ஆபத்து.

நான் பரிந்துரைக்கும் முறை இது. பெயரை ஆதாரில் உள்ளபடியே முழுதாக ஒரே கட்டத்தில் வாங்குங்கள். ஃபயர் தரத்தில் பெயருக்கு முழு உரைக் கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் போடுங்கள். குடும்பப் பெயர் அங்கே கட்டாயம் இல்லை, இல்லாததை இட்டு நிரப்பாதீர்கள். ஒப்பிடும்போது முதலெழுத்துகளையும் புள்ளிகளையும் நீக்கிவிட்டு, மீதிப் பெயரை ஒலியை வைத்து ஒப்பிடுங்கள். நெடில் குறில் எழுத்துக்கூட்டல், 'ச' வரும் இடத்தில் எழுதும் பல வடிவங்கள், 'ழ' வரும் இடம் ஆகியவற்றுக்குத் தனி விதி தேவைப்படும். கைப்பேசி எண் ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கும் குடும்பங்கள் நிறைய, மாமியார் மருமகள் பேரன் மூவர் பதிவும் அந்த ஒரே எண்ணில் இருக்கும். இரண்டு பேர் பொருந்தினால் யாரையும் காட்டாமல் விடுவதே சரி.

வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும். உங்கள் தரவுத்தளம் முழுத் தேதி கேட்டால் பணியாளர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார். ஃபயர் தரத்தில் ஆண்டை மட்டும் எழுதலாம். தரவுத்தளத்தையும் அப்படியே அனுமதிக்கும்படி மாற்றுங்கள்.

அடையாள எண்களைப் பொறுத்தவரை, ஒருவருக்கு எத்தனை எண் வேண்டுமானாலும் வைக்கலாம், ஒவ்வொன்றும் யார் கொடுத்தது என்று குறித்தால் போதும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசின் கர்ப்பகாலப் பதிவான பிக்மி வழியே வரும் ஆர்.சி.எச் எண், உங்கள் ஓ.பி எண், ஆபா எண் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றை இன்னொன்றால் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

படி 4: குறியீடுகள்

இனிதான் விஷயத்தின் மையம். உங்கள் ஆய்வகத்தில் "சுகர்" என்று ஒரு வரி இருக்கும். வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா, ஏதோ ஒரு நேரத்திலா, விரல் நுனியில் குளுக்கோமீட்டரிலா? உங்கள் ஊழியருக்குத் தெரியும், வேறு ஊரில் இருக்கும் மருத்துவருக்குத் தெரியாது. ஆய்வகப் பரிசோதனைகளுக்கான லாயிங்க் குறியீட்டில் இவை நான்கும் நான்கு எண்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 1558-6, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததற்கு 1521-4, நேரம் குறிக்காத சீரம் அல்லது பிளாஸ்மா சர்க்கரைக்கு 2345-7, குளுக்கோமீட்டரில் எடுத்த விரல் நுனி ரத்தத்துக்கு 41653-7. 180 என்ற எண் இவற்றில் எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும்.

எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே நாளில் குறியீடு போட முயன்று பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடந்த சில மாதங்களில் உங்கள் ஆய்வகம் அதிகமாகச் செய்த பரிசோதனைகளை எண்ணிக்கை வரிசையில் எடுங்கள். ஹீமோகுளோபின் (718-7), எச்.பி.ஏ1சி (4548-4), கிரியேட்டினின் (2160-0), தைராய்டு டி.எஸ்.எச் (3016-3) போன்றவை மேலே வரும். மேல்வரிசையில் இருப்பவற்றை முடித்தாலே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆய்வக மருத்துவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதிரி சீரமா முழு ரத்தமா, முறை என்ன என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், நிரலாளர் ஊகிக்கக் கூடாது.

ரத்த அழுத்தத்தை "120/80" என்று ஒரே சொல்லாக வைத்திருக்கும் மென்பொருள்கள் இன்றும் உண்டு. அதை இரண்டு எண்களாகப் பிரியுங்கள். மேல் அழுத்தம் 8480-6, கீழ் அழுத்தம் 8462-4, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் தலைப்பு 85354-9.

நோயின் பெயருக்கு ஸ்னோமெட் சி.டி. இரண்டாம் வகை நீரிழிவு 44054006, உயர் ரத்த அழுத்தம் 38341003. இந்தியா உறுப்பு நாடு என்பதால் இங்கே பயன்படுத்தக் கட்டணம் இல்லை, என்.ஆர்.சி.இ.எஸ் வழியாக உரிமம் பெற்றுக்கொள்ளலாம். மருத்துவருக்குக் குறியீட்டைக் காட்டாதீர்கள். அவர் இரண்டு மூன்று எழுத்து தட்டினால் பட்டியல் விரியட்டும், தேர்ந்தெடுத்தால் குறியீடு பின்னால் ஒட்டிக்கொள்ளட்டும். அவர் தன் சொற்களில் எழுதியதையும் தூக்கி எறியாதீர்கள். ஃபயர் தரத்தில் குறியீட்டோடு மூல உரையையும் வைக்க இடம் இருக்கிறது. குறியீடு தவறாகத் தேர்வாகியிருந்தால் அந்த உரைதான் காப்பாற்றும்.

மருந்துச் சீட்டில் "1-0-1" என்று எழுதுகிறோம். காலையும் இரவும் ஒவ்வொன்று என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அதை நேர அமைப்பாக மாற்றி எழுதுங்கள், கூடவே "1-0-1, சாப்பிட்ட பின்" என்ற உரையையும் வையுங்கள். மருந்துகளின் வணிகப் பெயரிலிருந்து மூலப்பொருளைக் கண்டறிய, என்.ஆர்.சி.இ.எஸ் தரும் இந்தியாவுக்கான பொது மருந்துக் குறியீட்டுத் தொகுப்பு இருக்கிறது. ஒரே மூலப்பொருள் இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு மருத்துவர்களிடமிருந்து வரும்போது அதைப் பிடிக்க வேறு வழி இல்லை.

படி 5: ஃபயர் ஆவணம்

என்.ஆர்.சி.இ.எஸ் வழிகாட்டியில் மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, புறநோயாளி ஆலோசனை, டிஸ்சார்ஜ் சுருக்கம், தடுப்பூசிப் பதிவு, நலப் பதிவு, ஏற்கெனவே உள்ள ஆவணங்களுக்கான பதிவு என்று வகைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஜேசன் வடிவில் ஒரு பண்டில். அதன் முதல் உறுப்பு காம்போசிஷன், அதாவது ஆவணத்தின் முகப்பு. நோயாளி, மருத்துவர், முடிவுகள் எல்லாம் அடுத்தடுத்து வரும்.

ஒரே ஒரு வகையோடு தொடங்குங்கள். ஆய்வகம் என்றால் பரிசோதனை அறிக்கை. வழிகாட்டியில் உள்ள மாதிரியை எடுத்து, உங்கள் தரவால் அதை நிரப்பி, எச்.எல்.7 தரும் வேலிடேட்டரில் இந்தியத் தொகுப்பைச் சேர்த்து ஓட்டுங்கள். ஜாவா தெரிந்தால் ஹேப்பி ஃபயர் நூலகம் நல்ல துணை. வேலை செய்யும் முழு மென்பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் திறந்த மூலத்தில் கிடைக்கும் பாம்னியைப் பாருங்கள். சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் வளர்ந்தது அது.

நேரத்தைக் குறிக்கும்போது +05:30 என்று மண்டலத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். அறிக்கை முதல்நிலையா, இறுதியா, திருத்தப்பட்டதா என்ற நிலையையும் சரியாக எழுதுங்கள். திருத்திய அறிக்கையைப் புதிய அறிக்கைபோல அனுப்பினால் இரண்டு முரணான முடிவுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பி.டி.எஃப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிலுக்குள் பி.டி.எஃப்-ஐ வைத்து அனுப்ப அனுமதி இருக்கிறது, சோதனையிலும் தேறிவிடும். பழைய அறிக்கைகளுக்கு அது தேவையும்கூட. ஆனால் இன்று புதிதாக உருவாகும் ஆய்வக முடிவை பி.டி.எஃப் மட்டுமாக அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். ஆறு மாத கிரியேட்டினின் எப்படி ஏறுகிறது என்று ஒரு சிறுநீரக மருத்துவர் வரைபடமாகப் பார்க்க வேண்டும். ஆறு பி.டி.எஃப்-ஐத் திறந்து தாளில் குறித்துக்கொள்ள வைப்பதற்கு இத்தனை வேலை தேவையில்லை.

படி 6: எம்2, பதிவைக் கொடுப்பது

நோயாளியின் ஒவ்வொரு வருகையையும் ஒரு கேர் கான்டெக்ஸ்டாக அவருடைய ஆபா முகவரியோடு இணைப்பீர்கள். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அது செயலித் திரையில் தெரியும். அங்கே நோயின் பெயரையோ சிறப்புப் பிரிவையோ எழுதாதீர்கள். "மார்ச் 12 புறநோயாளி வருகை" போதும். அந்தக் கைப்பேசியை வீட்டில் வேறு யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கேட்பவருக்குப் பதிவை அனுப்பும்போது இரு தரப்பும் தற்காலிகச் சாவிகளைப் பரிமாறி, கர்வ்25519 முறையில் இருவருக்கும் பொதுவான ரகசியச் சாவி ஒன்றை உருவாக்கி, ஏ.இ.எஸ்-ஜி.சி.எம் முறையில் பூட்டி அனுப்ப வேண்டும். ஒரு மொழியில் உருவாக்கிய சாவியின் வடிவத்தை இன்னொரு மொழியின் நூலகம் ஏற்காமல் போவது இங்கே அடிக்கடி நடக்கும். உங்கள் நிரலிலேயே பூட்டி, உங்கள் நிரலிலேயே திறந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வேறு மொழியில் எழுதிய ஒன்றோடு பூட்டித் திறந்து பாருங்கள்.

படி 7: எம்3, பதிவைக் கேட்பது

சம்மதக் கோரிக்கையில் நோக்கம், எந்த வகைப் பதிவுகள், எந்தக் காலத்தவை, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதைக் குறிக்க வேண்டும். எல்லா வகையும், பத்து ஆண்டுகளும், நீண்ட கெடுவும் என்று இயல்பாகவே நிரப்பி வைத்துவிட ஆசை வரும். வேண்டாம். மருத்துவர் கேட்கும் அளவுக்கு மட்டும் கேட்கும்படி திரையை அமையுங்கள். கெடு முடிந்ததும், நோயாளி சம்மதத்தைத் திரும்பப் பெற்றதும், வாங்கிய பதிவு அழிய வேண்டும். காப்புப் பிரதிகளில் அது எங்கெல்லாம் தங்குகிறது என்று வடிவமைக்கும்போதே யோசியுங்கள். 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படி 8: நேரலைக்குப் போவது

சாண்ட்பாக்ஸில் செயல்பாட்டுச் சோதனை முடிந்தபின், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள ஒரு தணிக்கை நிறுவனத்திடமிருந்து பாதுகாப்புச் சான்று பெற வேண்டும். அவர்கள் குறை சொல்வார்கள், திருத்த வேண்டும், மறுபடி பார்ப்பார்கள். இதற்கு வாரக்கணக்கில் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

நேரலையின் முதல் வாரம் நீங்கள் இருக்க வேண்டிய இடம் பதிவுக் கவுன்ட்டர். க்யூ.ஆர் ஸ்கேன் செய்து வருபவர், ஓ.டி.பி வராதவர், கைப்பேசியே இல்லாமல் பேத்தியோடு வந்த பாட்டி என எல்லாரும் அங்கேதான் வருவார்கள். எந்தத் திரையில் பணியாளர் நிற்கிறார், எதைப் பொய்யாக நிரப்பிவிட்டு நகர்கிறார் என்று பாருங்கள். அந்தக் கட்டத்தை அன்று மாலையே கட்டாயம் இல்லாததாக மாற்றுங்கள்.